இடது கையில் டீ

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. அங்கே ஜெபராணி டீச்சரிடம் ஐந்து பேர் மென்பொருள் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. சீடர்களில் மூத்தவரான சுடலைமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தைந்து வருடம் போர்வெல் மோட்டார் பழுது பார்த்தவர். முதுகு மக்கர் பண்ணியதும் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார். பிடிவாதத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்.

அறையில் ஒரு சட்டம் உண்டு. டீ டம்ளரை மேசையில் வைக்கக் கூடாது. கீபோர்டில் டீ கொட்டி இரண்டு மெஷின் போன பிறகு வந்த சட்டம். குடித்து முடிக்கிறவரை கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சுடலைமுத்து எழுதியது பூட் மெனு. கம்ப்யூட்டரைப் போட்டதும், எதைத் திறக்கட்டும் என்று கேட்டு ஐந்து விநாடி காத்திருக்கும் பட்டியல். ஒரு பள்ளிக்கூடத்துக்காக அதில் பாடம், பரீட்சை என்று இரண்டு வரி வைத்தார்; எதையும் தட்டாவிட்டால் பாடம் திறந்துவிடும். பிள்ளைகள் பரீட்சைக்குள் நுழைந்துவிடாமல் ஒரு பூட்டும் போட்டார். கீபோர்டின் இடது ஓரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டே வலது பக்கத்து ‘பி’யைத் தட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும்; வலது ஓரத்துக் கன்ட்ரோல், ஷிப்ட் செல்லாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

வியாழக்கிழமை ஒரு செய்தி வந்தது. அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சந்தனமாரி அனுப்பியது.

“ஐயா, எனக்கு இடது கை இல்லை. உங்கள் மெனுவைத் திறக்க முடியவில்லை. திங்கட்கிழமை பரீட்சை. பன்னிரண்டு கம்ப்யூட்டரையும் நான் திறக்காவிட்டால், திறக்கிறவருக்கே வேலையைக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள்.”

சுடலைமுத்துவுக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். வெள்ளிக்கிழமை காலையில் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

“ஒரு கைக்குன்னே தனி முறை செஞ்சுட்டேன் டீச்சர். அதுக்குள்ள போயிட்டா ஒவ்வொரு கீயா தட்டினாப் போதும். அந்தப் பொண்ணுக்கு இது போதும்லா?”

டீச்சர் அப்போதுதான் வந்த டீயை அவருடைய இடது கையில் கொடுத்தார்.

“அந்த முறைக்குள்ள போய்க் காட்டுங்க, அண்ணாச்சி.”

“மொதல்ல கன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடிச்சுக்கிட்டு…”

இடது கை டம்ளரோடு கீபோர்டுப் பக்கம் போய் நின்றது. டம்ளர் சுட்டது. மேசையில் வைக்க வழியில்லை.

“எம் புத்தி எங்க போச்சு,” என்றார் கடைசியில். வெட்கமாக இருந்தது. “திங்கக்கெழமைக்குள்ள முடிச்சிருதேன் டீச்சர்.”

“டம்ளரைக் கொடுங்க.”

“இருக்கட்டும். முடிச்சுட்டுத் தாறேன்.”

சனிக்கிழமை புதிதாக ஒன்று எழுதினார். கன்ட்ரோலை மட்டும் ஒரு தட்டு, விட்டுவிட்டு ‘பி’யை ஒரு தட்டு. அவருடைய மெஷினில் வெண்ணெய் மாதிரி வேலை செய்தது. ஆனால் அறையில் இருந்த ஏழு பழைய மெஷின்களிலும் ஓடாத எதையும் டீச்சர் வெளியே விட மாட்டார். நான்கில் ஒன்றுமே நடக்கவில்லை. கன்ட்ரோலைத் தனியாக அழுத்தினால் அவை மெனுவுக்குத் தகவலே அனுப்புவதில்லை. கூட ஓர் எழுத்து இருந்தால்தான் அனுப்பும்.

“பள்ளிக்கூடத்துல இருக்கது எந்த மாதிரி மெஷின்னு கேட்டுரவா?”

“கேளுங்க. அடுத்த வருசம் வாங்கப்போற மெஷினையும் கேட்டுருங்க.”

அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை எழுதியதை முழுக்க அழித்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி உட்கார்ந்தார். கன்ட்ரோலும் வேண்டாம், ஷிப்டும் வேண்டாம். நான்கு எழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக. எந்த நான்கு என்பதைச் சந்தனமாரியே வைத்துக்கொள்ளலாம். முதல் எழுத்தைத் தட்டியதுமே ஐந்து விநாடிக் கணக்கு நின்றுவிடும். அவசரமே இல்லை. இடது கையில் டம்ளரைப் பிடித்தபடியே ஏழு மெஷினிலும் திறந்து பார்த்தார். ஏழும் திறந்தன. மதியத்துக்கு முன்பே அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பதில் வந்தது. “பன்னிரண்டையும் திறந்துவிட்டேன். பிள்ளைகள் எழுதுகிறார்கள்.”

சுடலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டீ குடித்துக்கொண்டே ஏழு மெஷின்களையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சரிடம் போனார்.

“மெனுவுக்கு விளக்கக் குறிப்பு எழுதுதேன் டீச்சர். இந்த வழி சந்தனமாரி போன்றவர்களுக்கு மட்டும், மத்தவங்களுக்குப் பழைய பூட்டுன்னு போட்டுரவா?”

டீச்சரின் இடது கையில் டம்ளர் இருந்தது. வலது கையால் பக்கத்து மெஷினில் நான்கு எழுத்தைத் தட்டினார். பரீட்சை திறந்தது. ஒரு வாய் டீ குடித்தார்.

“போடுங்க, அண்ணாச்சி. அந்தப் ‘போன்றவர்கள்’ல மொதல்ல எம் பேரை எழுதுங்க.”