அப்பா சாகாத கட்டுரை

பாளையங்கோட்டையில் பயிற்சி மையம் நடத்திய சந்தானகிருஷ்ணனுக்குப் பெரிய பேர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுதும் கட்டுரையை அவர் திருத்தினால்தான் இடம் கிடைக்கும் என்று பேச்சு. அங்கே வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள் முப்பிடாதி. அவள் அப்பா டவுன் பஸ் கண்டக்டர்.

அவள் கட்டுரையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுல சோகமே இல்லையேம்மா. அப்பா செத்துட்டார்னு எழுது. இல்லைன்னா சிபாரிசுக் கடிதம் கிடையாது."

முப்பிடாதி பணிவாகத் தலையாட்டினாள். "நீங்க சொன்னதை ஒரு வார்த்தை விடாம எழுதிடுறேன் சார்."

அவரும் படித்துப் பார்க்காமலே கடிதம் கொடுத்தார்.

அவளுக்கு முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. சந்தானகிருஷ்ணன் உடனே ஒரு பாராட்டு விழா வைத்தார். மண்டபம் நிறையப் பெற்றோர்கள். முன்வரிசையில் காக்கிச் சட்டையோடு அவள் அப்பா.

"நான் சொல்லிக்கொடுத்த கட்டுரை. எல்லாருக்கும் புரியும்படி தமிழ்ல வாசிம்மா" என்றார்.

முப்பிடாதி மைக்கை வாங்கி வாசித்தாள்: "அப்பா செத்துவிட்டதாக எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்றார் என் பயிற்சியாளர். அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். அவரைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னிடம் சோகக் கதை கிடையாது. உயிரோடு ஓர் அப்பா இருக்கிறார்."

சந்தானகிருஷ்ணன் மைக்கைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது.

மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா மகளிடம் மெதுவாகக் கேட்டாள்: "உன் கட்டுரையில நான் இருக்கேனா, போய்ட்டேனா?"