எஞ்சின் வெளியே இருக்கும்போது

"நூரு, எஞ்சினை உள்ளே இறக்கிராதடி. இன்னும் ஒரு வேலை இருக்கு."

"நேத்தும் இதைத்தான் சொன்னே."

"இது வேற வேலை."

எஸ்தர் ரேஸ் கார் ஓட்டுபவள். நூர்ஜஹான் கார் பிரித்துப் பூட்டுபவள். கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாகத் திட்டு வாங்கியவர்கள்.

இப்போது கோயம்புத்தூரில் நூருவின் ஒர்க்‌ஷாப்பில் எஸ்தர் வேலை கற்றுக்கொள்கிறாள். அதனால் நூருவை "குருவே" என்று கூப்பிடுவாள். கிண்டலுக்குத்தான்.

எஸ்தர் ஓட்டும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினும் கியர்பாக்ஸும் வெளியே வர வேண்டும்.

வந்துவிட்டன. கூரையில் மாட்டிய கப்பிச் செயினில் தொங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு எஸ்தர் கேட்டாள்: "கிளட்சை மட்டும் மாத்திட்டு வெச்சிரலாமே?"

"எஞ்சின் உள்ளே இருக்கும்போது கை எட்டாத இடம் சிலது இருக்கும். அதை எல்லாம் இப்பவே பார்த்துரணும்," என்றாள் நூரு. "எட்டற இடம் எங்கே ஓடிப் போயிரும்?"

ஆயில் சீல் மாற்றினார்கள். சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள தடுப்பை ஒட்டிப் போகும் தண்ணீர் ஹோஸ்களை மாற்றினார்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினார்கள்.

அதோடு வேலை முடிந்தது. எஸ்தருக்கு மட்டும் வேலை முடியவில்லை.

ஒயர்களுக்கெல்லாம் புது டேப் சுற்றினாள். எஞ்சின் உட்காரும் பள்ளத்துக்கு பெயின்ட் அடித்தாள். காயவில்லை என்று ஒரு நாள் காத்திருந்தாள். காய்ந்ததும், பளபளப்பு போதவில்லை என்று இன்னொரு கோட் அடித்தாள்.

"இன்னிக்கு என்ன?"

"இந்த பிராக்கெட். மங்கிக் கிடக்கு பாரு. பாலிஷ் போட்டா நல்லாயிருக்கும்."

"உன் ரேஸ் டீம் மேனேஜர் போன் பண்ணினார். ஞாயித்துக்கிழமை நீ டிராக்குக்கு வரலைன்னா, இந்த சீசன் பூரா டீம்ல உன் இடம் இன்னொரு டிரைவர் ஜெய்தீப்புக்காம்."

"வண்டி ரெடியாகாம நான் எப்படி வர்றது? நீயே சொல்லு."

எஸ்தர் பாலிஷ் டப்பாவைத் திறந்தாள்.

நூரு செயினை இழுத்தாள். எஞ்சின் மெல்ல இறங்கி, பள்ளத்துக்குள் பாதி போய் நின்றது.

எஸ்தரின் முகம் வெளுத்தது.

"இப்போ அந்த பிராக்கெட்டைத் தொடு," என்றாள் நூரு.

தொட்டாள்.

"எட்டுதா?"

"எட்டுது."

"நீ டேப் சுத்தின ஒயர்?"

"அதுவும் எட்டுது."

நூரு எஞ்சினை மறுபடி மேலே ஏற்றினாள்.

"அப்பாடா," என்றாள் எஸ்தர். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எட்டாத இடம் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் நூரு.

"சொன்னேன் பாத்தியா!" எஸ்தர் துள்ளிக் குதித்து ஸ்பேனர் தட்டைத் துழாவினாள். "எது? பன்னெண்டா, பதினாலா?"

"ஸ்பேனர் வேண்டாம்."

நூரு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"உட்காரு."

"எஞ்சின் இல்லாத வண்டியில உட்கார்ந்து என்னடி பண்றது?"

"எஞ்சின் இருந்தப்போ உட்கார்ந்தியா?"

போன சீசனில், ஓர் இடது வளைவில், இந்தக் கார் சுழன்று டிராக் ஓரத்து டயர் அடுக்கில் மோதியது. எஸ்தருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வண்டியும் சரியாகிவிட்டது. அதன் பிறகு அவள் அதைக் கழுவினாள், துடைத்தாள். ஜன்னல் வழியாகக் கை விட்டு, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பினாள்.

பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சளி, வண்டியில் சத்தம், இப்படி ஏதாவது சொல்லுவாள்.

எஸ்தர் எஞ்சினைப் பார்த்தாள். அது செயினில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தாள்.

"ஓடாதில்ல?"

"எதை வெச்சு ஓடும்? பின்னாடி காத்துதான் இருக்கு. பெல்ட்டைப் போடு."

பெல்ட் போட்டாள். ஸ்டியரிங்கைத் தொட்டாள்.

கார் அசைந்தது.

"ஏய்! தள்ளாதடி! நூரு! பிசாசே!"

"முன்னாடி பாரு!"

ஒர்க்‌ஷாப் முற்றத்தின் நடுவில் தண்ணீர்த் தொட்டி. அது நேரே வந்துகொண்டிருந்தது.

"லெஃப்ட் ஒடி!"

"லெஃப்ட்டா?"

"தொட்டியில விடப் போறியா? ஒடிடீ!"

ஒடித்தாள்.

கார் திரும்பியது. சமத்தாக, சத்தமில்லாமல், தொட்டியை உரசாமல் திரும்பியது. மறுபடி இடது. மறுபடி இடது.

"ர்ர்ரூம்ம்..."

எஸ்தரின் வாயிலிருந்துதான் வந்தது. மகனுக்குச் சோறு ஊட்டும்போது அவள் போடும் சத்தம்.

"ர்ர்ரூம்ம்! கியர் மாத்தறேன் நூரு!"

"கியர்பாக்ஸும் வெளியேதாண்டி தொங்குது!"

"மூணாவது கியர்! தள்ளு! இன்னும் வேகமா!"

"நான் என்ன மாடா?"

"இன்னொரு ரவுண்டு, குருவே! இந்த வளைவை இன்னும் ஒட்டி எடுக்கலாம்!"

இரண்டாவது சுற்றில் உள்பக்கச் சக்கரம் தொட்டியின் ஓரத்து ஈரத்தில் கோடு போட்டுக்கொண்டு போனது. எஸ்தர் சிரித்துக்கொண்டே கத்தினாள். நூரு திட்டிக்கொண்டே தள்ளினாள்.

செயினுக்கு நேர் கீழே கொண்டுவந்து எஸ்தரே பிரேக் போட்டாள்.

இறங்கினாள். முடி அவிழ்ந்து கிடந்தது. முகம் காது வரை சிவந்திருந்தது.

நூரு மூச்சு வாங்கியபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற ஏதாவது வேலை பாக்கி இருக்கா?"

எஸ்தர் காலிப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிராக்கெட் மங்கலாகத்தான் இருந்தது.

பாலிஷ் டப்பாவை மூடினாள். இரண்டு கையாலும் செயினைப் பிடித்தாள்.

"காலை எடு நூரு. எஞ்சினை இறக்கப் போறேன்."