கடைமடைப் பிடிமண்

கேட்க உட்கார்ந்தவர்களே, காதைக் கொடுங்கள். பெரியவர்களும் கொடுக்கலாம், உங்களுக்குத்தான் இந்தக் கதை அதிகம் தேவைப்படும்.

முற்காலத்தில் ஓர் அரசன் இருந்தான். அவன் பெயர் நமக்கு வேண்டாம். இந்தக் கதையில் அவன் செய்த காரியம் ஒன்றே ஒன்று: மஞ்சணத்தி ஆற்றின் குறுக்கே கல்லால் ஓர் அணை கட்டினான். அந்த மட்டில் நல்லவன்.

அணையைக் கட்டியவன் ஓர் ஆணையும் போட்டான். எந்த ஊரில் நிலம் உடையவர் எல்லாரும் ஒரே நீர்ச்சபையாகச் சேர்கிறார்களோ, அந்த ஊர் வாய்க்காலுக்கு மட்டுமே மதகு திறக்கப்படும். ஒருவர் விலகி நின்றாலும் திறக்கப்படாது. சேராத ஊருக்குத் தண்ணீர் கொடுத்தால் பயிர் விளைவதற்கு முன்னால் அடிதடி விளைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

சேர்ந்ததற்கு அடையாளம் கையெழுத்து அன்று, மண். நிலம் உடையவர் ஒவ்வொருவரும் தம் வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் புரச இலையில் பொதிந்து தர வேண்டும். ஆனி மாதத்தின் கடைசி நாளில் ஆற்றதிகாரி வந்து பொதிகளைப் பிரித்து, மண் எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டுவார். பானையில் கலந்த மண்ணை யாரும் மீண்டும் பிரிக்க முடியாது அல்லவா? அதுதான் சபை.

கொழுந்தூரில் நிலம் உடையவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஊரின் பழைய வாய்க்கால் ஆற்றங்கரையில் தொடங்கி அவர்கள் வயல்களின் ஓரமாகவே போகும். காலையில் அதன் வழியே நடக்கத் தொடங்கினால் உச்சி வெயிலில்தான் அதன் முடிவைப் பார்க்கலாம்.

வாய்க்காலின் தொடக்கத்தில், தலைமடையில், மாறன் கிழாருக்கு நான்கு வேலி நிலம். கிழாருக்கு உழவு தெரியும், ஊரை நடத்தத் தெரியும், தம்மைப் பாராட்டிக்கொள்ளவும் தெரியும். நடுமடையில் சாத்தனுக்கு ஒரு வேலி. அவனுக்குத் தலையாட்டத் தெரியும். முடிவில், கடைமடையில், பூதியாளுக்கு இரண்டே மா நிலம், ஒரு வேலியில் பத்தில் ஒரு பங்கு. அவளுக்குப் பேசத் தெரியும். ஊரில் அவளைப் பிடிக்காமல் போனதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

கிழார் சபையைக் கூட்டினார். சபைக்கு இரண்டு விதிகள் சொன்னார். தண்ணீர் தலைமடையில் தொடங்கிக் கீழே போகும். இது முதல் விதி. அவரவர் வரப்பு முடியும் இடம் வரையில் அவரவர் தூர் எடுக்க வேண்டும். இது இரண்டாம் விதி. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது, பாருங்கள். உழவுக்குக் கிழாரின் மாடுகளை நம்பியிருந்தவர்கள் அத்தனை பேரும் அன்றே மண் பொதிந்து கொடுத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு பொதிகள் சேர்ந்தன.

பூதியாள் எழுந்து ஏதோ சொல்லப் போனாள். சபையில் பெண் பேசும் வழக்கம் இல்லை என்றார்கள். அவளுடைய பேச்சு வேண்டாம், மண் மட்டும் வேண்டும். அவள் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்தாள். மண்ணும் கொடுக்கவில்லை.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளாக மழை பொய்த்து அவள் வயலில் விளைச்சல் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பானை விதைநெல். அதுவும் இந்த ஆண்டு முளைக்காமல் போனால் நிலத்தை விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். சபைக்கு மறுத்தால் அவளுக்கும் தண்ணீர் இல்லை. சம்மதித்தால் அவளுக்கு மட்டும் தண்ணீர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள் என்றால், அதற்குத் துணிச்சல் வேண்டும்.

கிழார் சாத்தனைத் தூது அனுப்பினார்.

முதல் முறை போன சாத்தன் புகழ்ந்து பேசினான். அவள் மண் கொடுத்தால் சபையில் அவளுக்கு முதல் தாம்பூலம் உண்டு என்றான். "முதல் தாம்பூலம் வேண்டாம், அண்ணே. முதல் தண்ணீர் என் வயலுக்கு. அப்படியானால் மண் தருகிறேன்" என்றாள் பூதியாள்.

இரண்டாம் முறை போன சாத்தன் மிரட்டிப் பேசினான். மறுத்தால் ஊர் அவளோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாது என்றான். இப்போது மட்டும் ஊர் தன்னிடம் என்ன பேசிக் கிழித்தது என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு, "முதல் தண்ணீர் என் வயலுக்கு" என்றாள்.

மூன்றாம் முறை போன சாத்தன் ஒரு சோடி உழவு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். கிழார் இனாமாகக் கொடுத்தனுப்பினார் என்றான். பூதியாள் மாடுகளின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "பாவம், இங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, திரும்ப ஓட்டிக்கொண்டு போ" என்றாள். பிறகு சொன்னது உங்களுக்கே தெரியும்.

சாத்தன் திரும்பி வந்து, இனிமேல் தன் கால் அந்தப் பக்கம் திரும்பாது என்று சொல்லிவிட்டான்.

கடைசியில் கிடப்பவள் முதல் தண்ணீர் கேட்கிறாளே என்று ஊர் சிரித்தது. கிழார் சிரிக்கவில்லை. ஆனி முடிய இரண்டே நாட்கள் இருந்தன. அவர் தம் வயலின் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். புரச இலையில் பொதிந்தார். பூதியாளின் பெயரால் நாற்பத்து மூன்றாவது பொதியாக வைத்தார். மண்ணில் என்ன பேதம், எல்லாம் மண்தானே என்று சாத்தனிடம் சொன்னார். கடைமடை மண்ணை மூன்று முறை மிதித்துவிட்டு வந்த சாத்தனுக்குப் பேதம் நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையாட்டினான்.

ஆனியின் கடைசி நாளும் வந்தது. ஆற்றதிகாரியும் வந்தார். ஆற்றங்கரை மரத்தடியில் பலகை போட்டு ஒவ்வொரு பொதியாகப் பிரித்தார். பெயர் கேட்டார், மண்ணைப் பார்த்தார், பானையில் கொட்டினார். தலைமடை மண் கறுத்து ஈரமாக இருந்தது. நடுமடை மண் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது. கீழே போகப் போக மண் வெளுத்துக்கொண்டே போனது.

கடைசிப் பொதியைப் பிரிக்கும் வேளையில், விடியலில் கிளம்பிய பூதியாள் வந்து சேர்ந்தாள். தான் சபையில் சேரவில்லை என்று அதிகாரியிடம் சொல்வதற்காக வந்தவள், தன் பெயரைச் சொல்லி ஒரு பொதி பிரிக்கப்படுவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

பொதியில் இருந்த மண் கறுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நத்தை நிதானமாகத் தலையை நீட்டிச் சபையைப் பார்த்தது.

அதிகாரி நத்தையைப் பார்த்தார். கிழாரைப் பார்த்தார். இது கடைமடை மண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார் கிழார். வேறு என்ன சொல்வார்?

"ஐயா, என் வயலில் விதையே உயிரோடு இருப்பதில்லை" என்றாள் பூதியாள். "அங்கே நத்தை குடித்தனம் நடத்துகிறது என்றால், அந்த நத்தைக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தவர் யார் என்று கிழாரைக் கேட்டுச் சொல்லுங்கள். நானும் போய் அவர் காலில் விழுகிறேன்."

மரத்தடி முழுவதும் சிரித்தது. கிழாரின் மாடுகளை நம்பியிருந்தவர்களும் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. கடைமடையில் மண் என்ன நிறம் என்று கிழாரைக் கேட்டார். கிழாருக்குத் தெரியவில்லை. அங்கே என்ன மரம் நிற்கிறது என்று கேட்டார். தெரியவில்லை. கடைசியாக அங்கே போனது எப்போது என்று கேட்டார். கிழார் யோசித்துப் பார்த்தார். ஐம்பத்தைந்து வயதில் அவர் ஒருமுறைகூடத் தம் ஊர் வாய்க்காலின் முடிவைப் பார்த்ததில்லை.

பொய் மண் வைத்த ஊருக்கு மதகு திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதிகாரி அப்போதே போயிருக்கலாம். அவர் ஒரு நாள் தவணை கொடுத்தார். பொய் மண் கொண்டுவந்தவரே மெய் மண்ணும் கொண்டுவர வேண்டும். பல்லக்கில் அன்று, நடந்து. ஊர்ப்பாதையில் அன்று, வாய்க்காலுக்குள் இறங்கி. மண்ணைத் தாமே எடுத்து வரவும் கூடாது. பூதியாள் தன் கையால் கொடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் கிழார் வாய்க்காலில் இறங்கி நடந்தார்.

தம் வரப்பு முடியும் இடம் வரையில் வாய்க்கால் கண்ணாடிபோல் இருந்தது. வரப்பைத் தாண்டியதும் ஒரு மேடு. அவருடைய ஆட்கள் எடுத்த தூர் முழுவதையும் அடுத்தவன் பங்கில் கொட்டி வைத்திருந்தார்கள். அடுத்தவன் அதையும் தன் தூரையும் சேர்த்து அதற்கு அடுத்தவன் பங்கில் கொட்டியிருந்தான். நடுமடை வரையில் எல்லாரும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள்.

நடுமடையில் வாய்க்காலின் குறுக்கே சாத்தனின் எருமைகள் படுத்திருந்தன. கிழார் அதட்டினார். எருமைகளுக்கு அவர் கிழார் என்பது தெரியவில்லை. அவரே சுற்றிக்கொண்டு போனார்.

அதற்கும் கீழே ஒருவர் கத்தரித் தோட்டம் போட்டிருந்தார். வாய்க்காலுக்குள் தோட்டமா என்று கிழார் கேட்டார். "எந்த வாய்க்கால், ஐயா?" என்று கேட்டார் தோட்டக்காரர். பிறகு சற்று யோசித்து, தம் தகப்பனார் காலத்தில் அப்படி ஒரு பேச்சு இருந்ததாக ஞாபகம் என்று சொல்லி, மரியாதைக்கு நான்கு கத்தரிக்காய் பறித்துக் கொடுத்தார்.

உச்சி வெயிலில், கையில் கத்தரிக்காயோடு, கிழார் கடைமடைக்கு வந்து சேர்ந்தார். நிலம் சாம்பல் நிறத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதிகாரி கேட்டாரே என்று அவர் தேடிவந்த மரம் அங்கே இல்லை. மரமே இல்லை.

அவர் கேட்பதற்கு முன்பே பூதியாள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே, கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து ஊரில் இருக்கிறது, போய்வர அரை நாள் ஆகும் என்றாள். கிழார் மிச்சத் தண்ணீரைக் குடிக்கவில்லை. செம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"பூதியாளே, உனக்கும் தண்ணீர் வர வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்" என்றார். "ஆனால் முதலில் உனக்கு என்று ஏன் கேட்கிறாய்? மூன்றாவதாகவோ பத்தாவதாகவோ கேட்டால் ஆகாதா? மேட்டில் இருக்கிறவனைத் தாண்டி இங்கே தண்ணீர் முதலில் வருவது எப்படி?"

"அதற்காகத்தான் கேட்கிறேன், கிழாரே" என்றாள் பூதியாள். "முதல் தண்ணீர் உங்களுக்கு என்றால் உங்கள் வரப்போடு உங்கள் மண்வெட்டி நின்றுவிடும். முதல் தண்ணீர் எனக்கு, கடைசித் தண்ணீர் உங்களுக்கு என்று இருக்கட்டும். என் வயல் நிறையும் வரைக்கும் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. எருமையை நீங்களே ஓட்டுவீர்கள். கத்தரியை நீங்களே பிடுங்குவீர்கள். எனக்குத் தண்ணீர் மட்டும் போதாது. உங்களுடைய அவசரமும் வேண்டும்."

கிழார் வெடித்த மண்ணில் உட்கார்ந்தார். பிறகு இலையை விரித்துக் கையில் ஏந்தினார். பூதியாள் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து அதில் வைத்தாள்.

அன்று மாலைக்குள் பானை நிறைந்தது. சபையின் விதிகள் மாறின. தண்ணீர் கடைமடையில் தொடங்கி, ஒரு வயல் நிறைந்த பிறகு அடுத்த வயல் என்று மேலே வரும். இது முதல் விதி. வாய்க்கால் முழுவதையும் எல்லாரும் சேர்ந்து தூர் எடுக்க வேண்டும். இது இரண்டாம் விதி.

அதன் பிறகு கொழுந்தூரில் நடந்த கூத்தைக் கேளுங்கள். யாருடைய முறை கடைசியோ அவருக்கே அவசரம் அதிகம். மாறன் கிழார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். மண் எங்கே சரிந்தாலும் அவர் மண்வெட்டி முதலில் விழுந்தது. சாத்தனிடம் எருமைகளை ஓட்டச் சொன்னார். சாத்தன் தலையாட்டினான், ஆனால் கிழார் நகராமல் நின்றதால் முதன்முறையாக அதைச் செய்தும் விட்டான். கத்தரித் தோட்டக்காரருக்குக் கிழாரே தம் மேட்டு நிலத்தில் இடம் கொடுத்தார். ஒவ்வொரு செடியையும் வேரோடு பெயர்த்துக் கொண்டுபோய் நட்டார்கள்.

ஆடி பிறந்த எட்டாம் நாள் மதகு திறந்தது. நள்ளிரவில் புறப்பட்ட தண்ணீர் நாற்பத்திரண்டு வயல்களை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றிலும் நுழையாமல், வெயில் ஏறும் முன்பே பூதியாளின் வயலுக்குள் புகுந்தது. வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கும் ஓசையைக் கரையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தவர்கள் உள்ளுக்குள் நடுங்கினார்கள். வயல் நிறையும் வரை மடையை மூட வேண்டியதில்லை என்பது விதி. வாய் நீண்டவள், இத்தனை வருட வஞ்சத்தையும் சேர்த்துப் பத்து நாள் திறந்து வைத்தால் என்ன செய்வது?

சூரியன் மேற்கே சாயத் தொடங்கியபோது பூதியாள் வயலில் இறங்கினாள். தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. வரப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். மடையை மண் போட்டு அடைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, மேலே இருந்த அடுத்த வயல்காரரை அழைத்து, அவருடைய முறை வந்துவிட்டது என்றாள்.

இரண்டு மா நிலத்துக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அரை நாள்.

கரையில் நின்ற மாறன் கிழார் அந்த அரை நாளை நினைத்துப் பார்த்தார். மூன்று தூதுகளை நினைத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தனியாகச் சிரித்தார். காரணம் கேட்டவர்களிடம் சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள். பூதியாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விதை ஊறவைக்கும் வேலை இருந்தது.

கேட்டு முடித்தவர்களே, இதுதான் நீதி: கடைசியில் இருப்பவருக்கு முதலில் போய்ச் சேரும்படி ஒரு பொதுக் காரியத்தை அமைத்தால், அது எல்லாருக்கும் போய்ச் சேரும்.