பொய் கேட்டால் பின்வாங்கும் குதிரை

முன்னொரு காலத்தில், முரசுக்குத் தினமும் சந்தனம் பூசிய ஒரு நாடு இருந்தது. சண்டை போட்டுத் திரும்பியவர்களுக்கு அங்கே கஞ்சிகூட இல்லை. வயிறு எரிகிறதா? இன்னும் கேளுங்கள்.

ராஜா வீரசூடன் போர்க்களத்தை எட்டிப் பார்த்ததே இல்லை. போருக்குப் போகிறவர்களின் மணிக்கட்டில் அவனுடைய மந்திரவாதி வக்கிரதந்தன் மூன்று முடிச்சுள்ள கறுப்புக் கயிற்றைக் கட்டி, "இனிப் பயம் தெரியாது" என்றான். தெரியவில்லைதான். ஆனால் பயம் எங்கே போகும்? முடிச்சுக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது. போர் முடிந்தும் கயிறு அவிழவில்லை. மாலைதோறும் வெற்றி முரசு முழங்கும். முழங்கும்போதெல்லாம் அடைபட்ட பயம் வெடிக்கும். வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. பயம் என்று சொன்ன வீரனின் நாக்கை அறுப்பது அந்நாட்டுச் சட்டம்!

கொற்றையன் என்ற குதிரை வீரன் முரசு கேட்டு வெறிபிடித்து வீசிய சட்டி, மகளின் தொட்டிலை உரசிக்கொண்டு விழுந்தது. அன்றே அவன் வீட்டை விட்டு லாயத்துக்குப் போய்விட்டான்.

"ஏங்க, புள்ள உங்க மொகத்தையே மறந்துடும். வாங்க வீட்டுக்கு" என்று லாயத்து வாசலில் வந்து அழுதாள் மனைவி பூவாயி.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ போ."

லாயத்தில் மின்னி நின்றது. போரில் அவனைச் சுமந்து ஒரு கண்ணை இழந்த குதிரை. இனிப் பயனில்லை, தோலுக்காக வெட்டுங்கள் என்று அரண்மனை உத்தரவு. உழைத்ததற்கு அதுதான் சன்மானம்!

"எனக்கு ஒண்ணுமில்ல மின்னி" என்று தடவப் போனான். குதிரை மூன்றடி பின்வாங்கியது. மறுபடி சொன்னான், மறுபடி மூன்றடி. மூன்றாம் முறை குதிரை பேசியது.

"அடே புளுகா, வாய் ஒண்ணு சொல்லுது, நெஞ்சு தடதடங்குது. எனக்கு நெஞ்சுதான் கேக்கும்."

"சொன்னா நாக்கை அறுத்துடுவாங்களே!"

"எனக்குத் தோலே போகப்போகுது. உனக்கு நாக்குதானே?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "முரசு கேட்டா பயம்" என்றான். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "விழுந்து கெடந்த கூட்டாளியைத் தாண்டி ஓடினேன். கண்ணை மூடப் பயம்." இன்னொன்று அவிழ்ந்தது. "என் கையாலயே என் புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்." கயிறே கழன்று விழுந்தது. மின்னி அவன் தோளில் தலை சாய்த்தது.

விடிந்ததும் குதிரையை வீரர்களின் வீடு வீடாக நடத்திப் போனான். ஒவ்வொருவரும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தங்கள் பயத்தைக் காதில் சொன்னார்கள். கயிறுகள் கழன்றன. கொற்றையன் அவற்றை மடியில் சேர்த்துக்கொண்டான்.

சேதி கேட்ட ராஜா எல்லோரையும் சபைக்கு இழுத்து வரச் சொன்னான்.

"பயம் என்று சொன்ன கோழை எவன்?"

"நான்" என்றான் கொற்றையன். "நான்", "நான்" என்றார்கள் மற்றவர்கள்.

மின்னி அரியணை அருகே நடந்தது. "மகாராஜா, உங்களுக்குப் பயம் உண்டா?"

"எனக்கா? ஒருபோதும் இல்லை!"

மின்னி மூன்றடி பின்வாங்கியது. சபையே கொல்லென்று சிரித்தது.

"முரசை அடியுங்கள்! இவர்கள் நடுங்கட்டும்!" என்று அலறினான் வக்கிரதந்தன்.

கொற்றையன் மடியிலிருந்த கயிறுகளை அள்ளி அவன் காலடியில் எறிந்தான். "உங்க பொருள், நீங்களே வச்சுக்கங்க."

கயிறுகள் பாம்பாய் ஊர்ந்து ராஜாவின் கையையும் மந்திரவாதியின் கையையும் சுற்றிக்கொண்டன. முரசு முழங்கியது. வீரர்கள் மின்னியின் மேல் கைவைத்தபடி அசையாமல் நின்றார்கள். ராஜா அரியணைக்கு அடியில் புகுந்தான். ஓடிய மந்திரவாதி திரும்பவே இல்லை.

முரசின் தோலைக் கிழித்துக் குதிரைகளுக்குக் கொள்ளுப் பை தைத்தார்கள். இனி எவன் ராஜாவானாலும், ஆட்களைப் போருக்கு அனுப்புமுன் மின்னியின் எதிரே நின்று பேச வேண்டும் என்று விதித்தார்கள். மின்னி இருந்தவரை அங்கே போரே நடக்கவில்லை.

கொற்றையன் வீட்டு வாசலில் தயங்கி நின்றான். பூவாயி குழந்தையை நீட்டினாள்.

"பயமா இருக்கு, பூவாயி."

"இருக்கட்டும். புடிங்க."

பிடித்தான். குழந்தை அவன் மீசையைப் பற்றி இழுத்தது.