லட்டு உளவாளி

பள்ளிக்கூடத்தில் படம் ஓடி முடிந்ததும் தாளாளர் வைரவசுந்தரம் குதித்தார்.

"படத்துல அந்த உளவாளிப் பொடியன் பேப்பர்ல ரெண்டு ஓட்டை போட்டு, பின்னால ஒளிஞ்சுக்கிட்டு லட்டு திருடுறான்! பிள்ளைங்க கெட்டுப்போகும். இனி இங்க படமே கிடையாது!"

படம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த நாற்பது பிள்ளைகளும் முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

"கெடமாட்டாங்கன்னு யாராலயாவது நிரூபிக்க முடியுமா?" என்று சவால் விட்டார் தாளாளர்.

"நான் நிரூபிக்கிறேன் ஐயா," என்றார் ஆயா சகாயமேரி. "படம் முடிஞ்சதும் குடுக்கப் பிள்ளைங்க நடுவுல வச்ச லட்டு நாற்பதும் அப்படியே இருக்கு. உங்க பக்கத்துல டீச்சருக்கு வச்ச ரெண்டைத்தான் காணோம்."

"நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்!"

"இருட்டுலயா?"

ஆயா அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் வட்டமாக இரண்டு ஓட்டை. பிள்ளைகள் கூரை அதிரச் சிரித்தார்கள்.

"பிள்ளைங்க தாராளமாப் பாக்கலாம் ஐயா. பெரியவங்களுக்குத்தான் இந்தப் படம் ஆகாது."