முன்மொழிபவர்

“சாமி, நாளைக்குக் காலையில தணிகாசலம் என் பேரை முன்மொழியப் போறாராம்.”

“நல்லது.”

“நல்லதா? நேத்துலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை.”

மலையடிவாரத்து மடத்தில் குரு புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே, கோரைப்பாயில் கலியபெருமாள். குருவுக்கு வயது நாற்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. அவருடைய கட்சியில் அது இளைஞர் அணியிலிருந்து விடுபடும் வயது.

தேர்தலில் தோற்ற அந்தக் கட்சிக்கு மிஞ்சியவர்கள் பத்தொன்பது சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவரே எதிர்க்கட்சித் தலைவர். அமைச்சருக்குரிய காரும் அறையும் அவருக்கு உண்டு.

பத்தொன்பது ஒற்றைப்படை எண். எப்படிப் பிரிந்தாலும் ஒரு பக்கம் கூடியே ஆக வேண்டும். ஆனாலும் கட்சி பதினேழு நாட்களாக முடிவில்லாமல் பிரிந்துகொண்டிருந்தது.

கடைசிக் கணக்குப்படி கலியபெருமாளுக்குப் பத்துப் பேர். தணிகாசலத்துக்கு ஒன்பது.

அந்தக் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. தலைவரை எப்போதும் ஒருமனதாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தோற்கப்போகிறவர் எழுந்து, ஜெயிக்கப்போகிறவரின் பெயரை முன்மொழிவார். பிறகு கைதட்டல். பிறகு லட்டு. கட்சியின் சட்டதிட்டப் புத்தகத்தில் நூற்றுப் பதினாறு விதிகள் இருக்கின்றன. இது அவற்றில் இல்லை. ஆகவே இதை யாரும் மீறியதில்லை.

கலியபெருமாள் இதற்கு முன் இரண்டு முறை முன்மொழிந்தவர். அவரை ஒருவரும் முன்மொழிந்ததில்லை. அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு இல்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. இது கடைசி வாய்ப்பு.

“தணிகாசலம் என்ன சொல்லி அனுப்பினார்?” என்றார் குரு.

“‘உன் பக்கம்தான் ஆள் அதிகம். சண்டை போதும் பெருமாளு. நானே எழுந்து உன் பேரைச் சொல்றேன்’னு.”

“சரியாத்தானே இருக்கு.”

“சரியா இருக்கிறதுதான் சாமி இடிக்குது. முப்பது வருஷமா அந்த ஆளைப் பார்க்கிறேன். ஒண்ணுகூட இப்படி நேரா செஞ்சதில்லை.”

“நான் என்ன செய்யணும்?”

“அவர் மனசுல என்ன இருக்குன்னு சொல்லணும்.”

“உங்க மனசுல என்ன இருக்கு?”

“பதவிதான் சாமி. வேற என்ன?”

ஒளிக்காமல் சொன்னார். குருவுக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

“சரி. தணிகாசலம் என்ன செஞ்சா நம்புவீங்க?”

கலியபெருமாள் யோசித்தார். “எழுத்துல கொடுத்தா நம்பலாம்.”

“கேட்டுப் பாருங்க.”

கலியபெருமாள் சென்னைக்குப் போன் போட்டார். அங்கே கட்சி அலுவலகத்தில் அவருடைய ஆள் அம்பலவாணன் இருந்தார். அம்பலவாணன் கட்சியின் கொறடா. மற்றவர்கள் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. தான் எப்படிப் போடுவது என்று கலியபெருமாளிடம் கேட்டுக்கொள்வார்.

அரைமணி நேரத்தில் கடிதத்தின் படம் செல்போனுக்கு வந்தது. தணிகாசலத்தின் கையெழுத்து. நீல மை.

கலியபெருமாளின் முகம் வாடியது.

“என்ன?” என்றார் குரு.

“ஒரே மந்திரிசபையில இருந்தோம் சாமி. அவர் கோப்புல பச்சை மையில கையெழுத்துப் போட்டா, அதிகாரி அதைக் கிடப்புல போடணும். நீல மையில போட்டா, காரியம் நடக்கணும். கோட்டையில எல்லாருக்கும் தெரியும்.”

“இது நீலம்தானே?”

“நீலம்தான். அந்த விஷயம் எனக்குத் தெரியும்னு தெரிஞ்சே நீலத்துல போட்டிருக்கார்.”

குரு நீர்மோரை நீட்டினார். கலியபெருமாள் டம்ளருக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குடித்தார்.

“வேற என்ன செஞ்சா நம்புவீங்க?”

“அவர் ஆளுங்க எட்டுப் பேரைக் கடற்கரை விடுதி ஒண்ணுல அடைச்சு வெச்சிருக்கார். யாரும் விலைக்கு வாங்கிடக் கூடாதுன்னு. அவங்களை வெளிய விட்டா...”

“கேட்டுப் பாருங்க.”

மறுபடி போன். மறுபடி காத்திருப்பு. அம்பலவாணனின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“எட்டுப் பேரையும் விட்டுட்டாருண்ணே! வாங்கி வெச்ச செல்போனைக்கூடத் திருப்பிக் கொடுத்துட்டார்.”

“வெளிய வந்தவங்க எங்க போனாங்க?”

“வீட்டுக்குண்ணே.”

“யார் வீட்டுக்கு?”

கலியபெருமாள் போனை வைத்தார்.

“பார்த்தீங்களா சாமி? இத்தனை நாளும் எட்டுப் பேர் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. இப்பத் தெரியாது.”

குரு சுத்தம் செய்த புளியில் ஓர் உருண்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கலியபெருமாள் அதைப் பிரித்துப் பார்த்தார். கொட்டை இல்லை. இன்னும் பிரித்தார். இல்லை. கசக்கினார். புளி நார்நாராகி விரல் முழுக்க ஒட்டிக்கொண்டது.

“கொட்டை இல்லையே சாமி.”

“இல்லை.”

“அப்ப எதுக்குக் கொடுத்தீங்க?”

குரு கை கழுவத் தண்ணீர் கொடுத்தார்.

கலியபெருமாள் கழுவிக்கொண்டே இருந்தார். திடீரென்று நிறுத்தினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“புரிஞ்சிடுச்சு சாமி!”

“என்ன?”

“சதி, தலைவர் நாற்காலியில இல்லை. முன்மொழியற இடத்துல இருக்கு. அவர் எதுக்கு அதைப் பிடிச்சுத் தொங்கணும்? அந்த இடத்தை நான் பிடிச்சுக்கிட்டா?”

“பிடிச்சு?”

“நான் அவர் பேரை முன்மொழியறேன்னு சொல்வேன். நிஜமாவே விட்டுக்கொடுக்கிறவரா இருந்தா, ‘வேண்டாம், நீதான்’னு மறுத்துடுவார். நானும் நிம்மதியா ஏத்துக்குவேன். சதிகாரரா இருந்தா அங்கேயே மாட்டிக்குவார். எப்படிப் பார்த்தாலும் உண்மை வெளிய வந்துடும்.”

“மறுத்தா நம்பிடுவீங்களா?”

கலியபெருமாள் விரல்விட்டு எண்ணினார்.

“ஒரு தரம் மறுக்கிறது மரியாதைக்கு. ரெண்டாம் தரம் ஊருக்கு. மூணாம் தரம் நடிப்பு. நாலாவது தரம் சொல்றதுதான் சாமி மனசு.”

அவர் போனை எடுத்தார்.

“அம்பலவாணா, தணிகாசலம் பேரை நானே முன்மொழியறேன்னு அவர்கிட்டப் போய்ச் சொல்லு.”

“அண்ணே... யார் பேரை?”

“தணிகாசலம் பேரைய்யா!”

“அண்ணே, நமக்குத்தானே பத்துப் பேர்?”

“சொன்னதைச் செய். பத்திரிகைக்காரங்க முன்னாடி கேளு, அப்பதான் முகம் தெரியும். மறுத்தா விடாதே. நாலு தரம் கேளு.”

வெயில் முற்றத்தைக் கடந்து கூடத்துக்குள் ஏறியது. குரு கடைசிப் புளியையும் முடித்துவிட்டு, கொட்டைகளை முறத்தில் அள்ளினார். கலியபெருமாள் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அடித்தது.

“கேட்டுட்டேண்ணே.”

“மறுத்தாரா?”

“மறுத்தாருண்ணே. ‘பெருமாளுக்கு ரெண்டு தரம் கைவிட்டுப் போச்சு, இந்தத் தரம் அவன்தான்’னார். மறுபடி கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னார். மூணாவது தரம் எழுந்து வாசலுக்கே போயிட்டார்.”

“நாலாவது?”

“நீங்க சொன்னபடி விடலைண்ணே. பின்னாடியே போய்க் கேட்டேன். அவ்வளவு மைக்கும் அவர் வாய்கிட்ட இருந்தது. எல்லா மைக்கையும் ஒரு தரம் பார்த்தார். அப்புறம், ‘இவ்வளவு தூரம் சொல்றான்னா, தட்டினா மரியாதையா இருக்காது’ன்னு ஒத்துக்கிட்டார்.”

கலியபெருமாள் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“டிவில ஓடுதுண்ணே. நம்ம ஆளுங்களே மாலையோட அங்க போயிட்டாங்க. எல்லாரும் உங்க பெருந்தன்மையைப் பத்தித்தான் பேசறாங்க. அண்ணே? நாளைக்கு நீங்க பேசவேண்டியதை எழுதி வெச்சிடட்டா? போன தரம் பேசினதே கையில இருக்கு, பேரை மட்டும் மாத்தினாப் போதும்.”

கலியபெருமாள் போனை அணைத்தார்.

“சாமி, இப்பவாவது சொல்லுங்க. அவர் திட்டம்தான் என்ன?”

“முந்தாநாள் தணிகாசலம் இங்க வந்திருந்தார்,” என்றார் குரு.

கலியபெருமாள் நிமிர்ந்தார். “இங்கயா? இதை ஏன் முன்னாடியே சொல்லலை?”

“அவர் மனசுல என்ன இருக்குன்னு கேட்டீங்க. அது எனக்குத் தெரியாது. வந்தாரான்னு கேட்கலை.”

“எதுக்கு வந்தார்?”

“‘நான் விட்டுக்கொடுத்தா பெருமாள் நம்புவானா?’ன்னு கேட்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கட்டாயம் நம்புவார்னு சொன்னேன்.”

“அதுக்கு அவர்?”

குரு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“‘சாமி, உங்களுக்கு அவனைத் தெரியலை’ன்னார்.”