மூணு ராச்சியத்துக்கு ஒரு கரை

ஒரு காலத்துல ஒரு பெரிய ஆறு இருந்துச்சாம். ஆத்தோரமா நீளமா ஒரே ஒரு மண்கரை, அந்தக் கரையை நம்பி மூணு ராச்சியம் இருந்துச்சாம். ராச்சியம்னா பெருசா நினைச்சுக்காதீங்க. மேக்கால இருந்த ஆவரங்காட்டுல ஒரு கோடியில மாடு தலையை ஆட்டினா மறுகோடியில மணிச்சத்தம் கேக்கும், அம்புட்டுதான். அதை ஆண்டவ சிலம்பாயி ராணி. ராச்சியமும் குட்டை, ராணியும் குட்டை, கோவம் மட்டும் நெட்டை. அவளுக்குக் கிழக்கே நடுப்பட்டி, அங்க வேட்டுவராயன் ராசா, மீசையைத் தடவுறதுதான் அவருக்கு முழுநேர வேலை. அதுக்கும் கிழக்கே கீழப்பட்டி, அங்க மாறப்பன் ராசா, நல்ல மனுசன், ஆனா சாப்பிட்டா தூங்கிருவாரு, தூங்கி எந்திரிச்சா சாப்பிட்டுருவாரு.

கரை உடைஞ்சா தண்ணி ஒரு ராச்சியத்தோட நிக்காது, அடுத்ததுக்குள்ளயும் சுத்தி வந்துரும். தண்ணிக்கு எல்லைக்கல்லு தெரியுமா என்ன? அதனால மூணு பேரும் உக்காந்து பேசி, கரையைக் கூட்டாப் பாத்துக்கலாம், ஆள் கூட்டா அனுப்பலாம்னு முடிவு பண்ணாங்க. பண்ணிட்டு, கரையை மேற்பாக்க மங்கபதின்னு ஒரு காரியக்காரனை வச்சாங்க. அங்கதான் வந்துச்சு வம்பு.

மங்கபதி மொதல்ல கரையைத்தான் பாத்தான். அப்புறம் கரையை விட்டுட்டு மனுசங்களைப் பாக்க ஆரம்பிச்சான். ஒருநாள் வந்து, "ராணி, கரை நல்லா இருக்கணும்னா வேலையாளுங்க ஒண்ணா எந்திரிக்கணும். அதனால மூணு ராச்சியத்துச் சேவலும் ஒரே நேரத்துல கூவணும்"னான்.

சிலம்பாயி ராணி, "சரி, எங்க சேவல்கிட்ட நீயே சொல்லிட்டுப் போ"ன்னா.

அவன் சொன்னான், சேவல் கேக்கலை.

மறுபடி வந்தான். "ராணி, கரை நல்லா இருக்கணும்னா வேலையாளுங்க சண்டை போடக் கூடாது. அதனால மூணு ராச்சியத்துக் கொழம்புலயும் ஒரே அளவு உப்பு போடணும்"னான்.

"எங்க வீட்டு நாக்கு எங்க வாயில இருக்கு, உன் வாயில இல்ல"ன்னா ராணி. அவன் மொகம் சுருங்கிப் போச்சு.

மூணாவது தடவை வந்தான், இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே வந்தான். "ராணி, கரை நல்லா இருக்கணும்னா ஆத்துத் தண்ணியைத் திறந்து விடுற மூணு மதகுச் சாவியும் எங்கிட்ட இருக்கணும். அவங்க ரெண்டு பேரும் குடுத்துட்டாங்க"ன்னு இடுப்பை ஆட்டிக் காட்டினான், சாவி ரெண்டும் கிணுகிணுன்னுச்சு.

"கரைக்கு ஆள் வேணுமா, ரெட்டிப்பா அனுப்புறேன். மதகு எங்க வயலைப் பாத்து நிக்குது. அது எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு என் சனந்தான் சொல்லணும். சாவி தர மாட்டேன்"ன்னா ராணி.

"அப்ப நீங்க கூட்டுலயே இல்ல"ன்னான் அவன்.

"நல்லதாப் போச்சு"ன்னுட்டா ராணி. கோவத்துலதான் சொன்னா, இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே.

அந்த வருசம் பாருங்க, கதிரு முத்தித் தலை சாயுற நேரத்துல பிடிச்சுச்சு மழை. விடவே இல்ல. மங்கபதி எங்க? அக்கரையில சம்பந்தி வீட்டு விருந்துல. மதகைத் திறந்து வெள்ளத்தை வடிய விடணும், சாவி எங்க? அவன் இடுப்புல. ஆத்துல ஓடம் விட முடியலை. பூட்டை உடைச்சிருக்கலாமேன்னு கேக்குறீங்களா? உடைக்கத்தான் ஓடுனாங்க, பூட்டு தண்ணிக்குள்ள எப்பவோ முங்கிப் போச்சு.

நடுப்பட்டியில கரை கசிய ஆரம்பிச்சுது. ரெண்டு ராசாவும் சேத்துல வழுக்கி விழுந்து எந்திரிச்சு ஆவரங்காட்டுக்கு வந்தாங்க. வேட்டுவராயன் மீசை நனைஞ்சு தொங்குது. மாறப்பன் சாப்பிடவே இல்ல, அப்படின்னா பாத்துக்கங்க.

"தாயி, மேல இருக்கிற உன் மதகைத் திறந்தா ஆறு எறங்கும், எங்க சனம் பொழைக்கும்"னாரு வேட்டுவராயன்.

"திறந்தா எங்க பள்ளக்காட்டு நெல்லு பூரா போயிரும். கூட்டுல இல்லாதவகிட்ட எதுக்கு வந்தீங்க?"

"மங்கபதி சொன்னான், நாங்க வாயை மூடிக்கிட்டு இருந்தோம். தப்புதான்"னாரு மாறப்பன்.

ராணி நேராப் பள்ளக்காட்டுக்கு நடந்து, அங்க நின்ன சனத்தைக் கூப்பிட்டா. "நம்ம கரை தாங்கும். நாம திறக்காட்டி நமக்கு நெல்லு மிச்சம், அவங்க புள்ளைங்க தண்ணியில. நீங்க சொல்லுங்க"ன்னா.

காத்தாயின்னு ஒருத்தி, வயலே மதகுக்கு நேர் எதிர்ல, அவ ராசாக்களைப் பாத்துக் கேட்டா: "திறந்தா எங்களுக்குச் சோறு?"

"எங்க களஞ்சியத்துல பங்கு"ன்னாரு வேட்டுவராயன்.

"அதையும் மங்கபதி சொன்ன அளவு உப்புல ஆக்கித்தான் திங்கணுமா?"

அந்த மழையிலயும் மாறப்பனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உன் இஷ்டம்போல ஆக்கு ஆத்தா."

"அப்பத் திறங்க ராணி"ன்னா காத்தாயி. சொல்லிட்டு வயலைப் பாக்காம திரும்பி நின்னுக்கிட்டா.

ராணி தன் கையாலயே சாவியைப் போட்டுத் திறந்தா. தண்ணி ஓன்னு எறங்கி, பொன்னாட்டம் நின்ன கதிரை அப்படியே சாச்சுக்கிட்டுப் போச்சு. ராணி கண்ணுலயும் தண்ணி, மழையில யாருக்கும் தெரியலை. அந்தியிறங்குறதுக்குள்ள ஆறு தணிஞ்சு, கசிவு நின்னு, மூணு ராச்சியமும் பொழைச்சுக்கிச்சு. சொன்னபடி நெல்லும் வந்துச்சு.

மங்கபதி ஏப்பம் விட்டுக்கிட்டே வந்து சேந்தான். ராணியும் ரெண்டு ராசாவும் கூடி, கரை வேலையை இனி எல்லாரும் சேந்து முடிவு பண்றது, மதகும் அடுப்பும் அவங்கவங்க பொறுப்பு, ஆபத்துன்னா ஒருத்தரை ஒருத்தர் கேட்டு உதவுறதுன்னு பேசி முடிச்சாங்க. மங்கபதியை, வெள்ளம் பள்ளக்காட்டுல கொண்டாந்து போட்ட மணலை அள்ள விட்டாங்க. மேற்பாக்க ஆளு யாரு? காத்தாயி. "அம்மா, கூடையை எறக்கிக்கலாமா?"ம்பான். "இரு, ஊர்ல கேட்டுச் சொல்றேன்"னு அவ பொடிநடையாப் போவா. இவன் தலையில கூடையோட நிப்பான். அவ வழியில நாலு வீட்டுல கதை பேசிட்டுத்தான் திரும்பி வருவா.

கூடி இருக்கணும், ஆனா கூடியிருக்கிறதைச் சாக்கு வச்சு ஒருத்தன் நம்ம வீட்டுச் சட்டியில கை விடக் கூடாது. புரிஞ்சுதா? ஆறு அவங்க பக்கம் ஓடுச்சு, தூக்கம் நம்ம பக்கம் வந்துச்சு, கதையும் கரையேறிருச்சு.